"அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது": விஞ்ஞானிகளின் பேச்சும் மக்களின் கவலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்க் கூட்டம் ஒன்று நடக்கிறது. மேடையில் இருப்பவர் வரைபடத்தைக் காட்டி, "அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது" என்கிறார். கீழிருந்து ஒருவர் எழுந்து, "அப்படியானால் நீங்கள் குடும்பத்தோடு இங்கே குடிவருவீர்களா?" என்று கேட்கிறார். கைதட்டல் எழுகிறது. எண்ணைச் சொன்னால் வம்பு பேசுகிறார்களே என்று மேடையில் இருப்பவருக்கு எரிச்சல். கேட்டதற்குப் பதிலே வரவில்லையே என்று கீழே இருப்பவருக்கும் எரிச்சல்.

சுற்றுச்சூழல் அறிக்கைகளைத் தமிழாக்கும் வேலையில் இந்தக் காட்சியின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மக்களுக்கு அறிவியல் தெரியாததால்தானே இவ்வளவு பயம்? விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடாதா?

சில இடங்களில் தீரும். செல்போன் கோபுரக் கதிர்வீச்சுக்கும் அணு உலைக் கதிர்வீச்சுக்கும் என்ன வேறுபாடு என்று பொறுமையாகச் சொன்னால், பாதிப் பேராவது நிம்மதியாக வீடு திரும்புவார்கள். ஆனால் எல்லா எதிர்ப்புக்கும் அறியாமைதான் காரணம், அறிவை ஊற்றி நிரப்பினால் எதிர்ப்பு அடங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வாளர்கள் 'பற்றாக்குறை மாதிரி' என்று பெயர் வைத்து, அது ஏன் பலிப்பதில்லை என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். அதற்கு அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது கம்ப்ரியா ஆட்டுப் பண்ணைகளின் கதை.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. மே மாதத் தொடக்கத்தில் அதன் கதிரியக்க மேகம் பிரிட்டனைக் கடந்தபோது, வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதியில் நல்ல மழை. மழையோடு சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் புல்லில் இறங்கியது, புல்லிலிருந்து ஆட்டுக்குள் போனது. பெரிய பாதிப்பு எதுவும் இருக்காது என்றுதான் முதலில் சொன்னார்கள். ஜூன் 20 அன்று, ஆடுகளை இடம் மாற்றவோ அறுக்கவோ கூடாது என்று தடை வந்தது. மூன்று வாரத்தில் நீங்கிவிடும் என்றார்கள். மூன்று வாரம் போனது, தடை போகவில்லை. கடைசிப் பண்ணைகளின் மீதிருந்த கட்டுப்பாடு நீங்கியது 2012-இல், அதாவது 26 ஆண்டுகள் கழித்து.

கணக்கு எங்கே தப்பியது? சீசியம் மண்ணில் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணிப்பு, களிமண் நிலங்களில் கிடைத்த தரவுகளை வைத்துப் போடப்பட்டது. களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், புல்லுக்குத் திரும்பத் தராது. கம்ப்ரியா மலைமண், மட்கிய செடிகொடிகளால் ஆன, அமிலத்தன்மை கொண்ட மண். அது பிடித்து வைக்காததால் புல் ஆண்டுதோறும் சீசியத்தை மறுபடி உறிஞ்சியது. 'மண்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லா மண்ணையும் அடைத்ததன் விலையை ஆடு வளர்ப்பவர்கள் கொடுத்தார்கள்.

இதோடு நிற்கவில்லை. பென்டோனைட் என்ற களிமண்தூளைத் தூவினால் ஆட்டின் உடலில் சீசியம் குறைகிறதா என்று பார்க்க, ஆடுகளை வேலிக்குள் அடைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். மலையில் திரிந்து பழகிய ஆடு பட்டியில் அடைத்தால் இளைத்துவிடும், அதில் வரும் முடிவு எதற்கும் உதவாது என்று விவசாயிகள் முதலிலேயே சொன்னார்கள். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. கடைசியில் அதே காரணத்துக்காகச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

இன்னொரு சந்தேகமும் அவர்களுக்கு இருந்தது. பக்கத்திலேயே செல்லாஃபீல்டு அணு வளாகம். விண்ட்ஸ்கேல் என்ற பழைய பெயரில் இருந்தபோது 1957-இல் அங்கே அணு உலை தீப்பிடித்திருக்கிறது. "இதெல்லாம் செர்னோபிலிலிருந்து வந்ததுதானா, இல்லை முன்பே இருந்ததா?" என்று கேட்டார்கள். எல்லாம் செர்னோபில்தான் என்று அடித்துச் சொல்லப்பட்டது. மண்ணில் இருந்ததில் ஒரு பகுதி செர்னோபிலுக்கு முந்தையது என்பது பின்னால் ஒப்புக்கொள்ளப்பட்டது.

லங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் பிரையன் வின் இந்த விவசாயிகளிடம் நீண்ட நேரம் பேசி எழுதிய கட்டுரைகள், அறிவியலுக்கும் மக்களுக்கும் உள்ள உறவை ஆராயும் துறையையே திருப்பிப்போட்டன. விவசாயிகளுக்கு, கதிரியக்கத்தை அளக்கும் அலகான பெக்கரல் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்திருக்கலாம். "மூன்று வாரம் என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?" என்று கேட்க பெக்கரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் விவசாயிகள் சொல்வதுதான் சரி, விஞ்ஞானிகள் சொல்வது தப்பா?

இல்லை. சீசியத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, புல்லை முகர்ந்தும் கண்டுபிடிக்க முடியாது. கருவி வேண்டும், கருவியைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். ஆடு எந்தச் சரிவில் எந்த மாதம் மேயும் என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. இரண்டில் எதை விட்டாலும் கணக்கு தப்பும்.

"வரம்புக்குள் இருக்கிறது" என்றால் பாதுகாப்பானது என்றுதானே அர்த்தம்?

சில நேரங்களில் அப்படித்தான். பல நேரங்களில் அந்த வரம்பு எப்படி வந்தது என்று பார்த்தால் தலை சுற்றும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காகக் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் கரையத் தொடங்கின. தண்ணீர் நிறம் மாறுகிறது, நாறுகிறது, தோலில் தடிப்பு வருகிறது என்று மக்கள் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்கு வந்தார்கள். தரநிலைக்கு உட்பட்டே இருக்கிறது என்ற பதில்தான் திரும்பத் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, இந்தத் தண்ணீர் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று வேறு நீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் அதற்குப் பிறகும் ஒரு வருடம் குடித்தார்கள்.

இப்போது அந்த 'தரநிலை'க்கு வருவோம். அமெரிக்க விதிப்படி அன்று ஈயத்துக்கான நடவடிக்கை அளவு 100 கோடியில் 15 பங்கு. எல்லா வீட்டிலும் இதற்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. சோதித்த வீடுகளில் 90 சதவீதம் இதற்குள் இருந்தால் போதும். மீதிப் பத்தில் ஒரு வீட்டில் எவ்வளவு ஈயம் இருந்தாலும் நகரம் 'தரநிலைக்குள்'தான். அந்த 15 என்ற எண்ணும் உடல்நலத்தை வைத்து வந்ததல்ல. குழாய் அரிப்பைத் தடுக்கும் சிகிச்சையால் நடைமுறையில் எட்டக்கூடிய அளவு எது என்று பார்த்து வைத்தது. உடல்நல இலக்காக அதே அரசு எழுதி வைத்திருக்கும் எண் பூச்சியம். ஃபிளின்டில் இதற்கு மேலும் ஒன்று நடந்தது: சோதனைப் பட்டியலிலிருந்து இரண்டு வீடுகளின் மாதிரிகள் நீக்கப்பட்டன, அதனால் நகரத்தின் எண் வரம்புக்குக் கீழே இறங்கியது.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு வீட்டுத் தண்ணீரைச் சோதித்தது. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை 2015 செப்டம்பரில் காட்டினார். அக்டோபரில் நீராதாரம் மாற்றப்பட்டது. மக்களின் சந்தேகத்தை எண்ணாக மாற்றிக் கொடுத்தவர்களும் விஞ்ஞானிகள்தான் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

ஆகவே 'வரம்பு' என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த வரம்பை உடல்நலத்தை வைத்துப் போட்டார்களா, இல்லை செலவையும் நடைமுறையையும் வைத்தா? எல்லோருக்கும் பொருந்துமா, சராசரிக்கா?

"தீங்கு விளைவித்ததற்கு ஆதாரம் இல்லை" என்கிறார்கள். தீங்கு இல்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

கூடாது. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றும் இருக்கலாம். யாரும் தேடவே இல்லை என்றும் இருக்கலாம். தேடிய வலையின் கண் பெரிதாக இருந்து மீன் தப்பியிருக்கலாம்.

இந்த மூன்றாவதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 300 பேரைப் பரிசோதித்தார்கள், ஒருவருக்கும் அந்த நோய் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 3-ஐ 300-ஆல் வகுங்கள்: 0.01. அதாவது உண்மையான விகிதம் நூற்றுக்கு ஒன்று வரை இருந்தாலும், 300 பேரில் ஒருவர்கூட அகப்படாமல் போக ஓரளவு வாய்ப்பு இருக்கிறது. புள்ளியியலில் இதை மூன்றின் விதி என்பார்கள். ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் நூற்றுக்கு ஒன்று என்பது ஆயிரம் பேர். "300 பேரில் ஒருவருக்கும் இல்லை" என்ற உண்மையான வாக்கியத்துக்குள் அந்த ஆயிரம் பேர் ஒளிந்திருக்க இடம் இருக்கிறது.

தங்களுக்குள் பேசும்போது விஞ்ஞானிகளுக்கு இது நன்றாகத் தெரியும். செய்திக்குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கும்போதுதான் வழுக்கிவிடுகிறது.

விஞ்ஞானிகள் ஏன் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை? "கூடும்", "வாய்ப்புண்டு" என்றே இழுக்கிறார்களே?

அவர்கள் ஊரில் அது மரியாதை. எந்த அளவுக்குத் தெரியும், எந்த அளவுக்குத் தெரியாது என்று பிரித்துச் சொல்பவர்தான் நல்ல விஞ்ஞானி. நம் பேச்சிலோ "நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்றால் "எனக்குத் தெரியாது, என்னை விட்டுவிடு" என்று பொருள்.

காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக்குழு, அதாவது ஐபிசிசி, இதற்காக ஓர் அகராதியே வைத்திருக்கிறது. 'வாய்ப்புண்டு' என்று அவர்கள் எழுதினால் 66 சதவீதத்துக்கு மேல், 'மிகவும் வாய்ப்புண்டு' என்றால் 90-க்கு மேல், 'ஏறக்குறைய உறுதி' என்றால் 99-க்கு மேல். உளவியலாளர் டேவிட் புடெஸ்கு குழுவினர் இந்த வாக்கியங்களைப் பொதுமக்களிடம் கொடுத்து, எவ்வளவு சதவீதம் என்று தோன்றுகிறது என்று கேட்டுப் பார்த்தார்கள். 90-க்கு மேல் என்று எழுதியதைப் பலர் அதற்கு வெகு கீழே மதிப்பிட்டார்கள். விளக்க அட்டவணை கையில் இருந்தும் அப்படித்தான். சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணையும் எழுதினால் இந்த இடைவெளி குறைகிறது என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. இவ்வளவு எளிய மருந்து இருந்தும் பல அறிக்கைகள் இன்னும் அதைச் செய்வதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஐபிசிசியின் மொழி நகர்ந்த விதத்தைப் பாருங்கள். 1995 அறிக்கையில், சான்றுகளைச் சீர்தூக்கினால் காலநிலையில் மனிதத் தாக்கம் 'கண்டறியக்கூடிய' அளவில் இருப்பதாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். அந்த ஒரு அடைமொழிக்காக மாட்ரிட் கூட்டத்தில் நடந்த இழுபறி பெயர்பெற்றது. 2001-இல் 'வாய்ப்புண்டு'. 2007-இல் 'மிகவும் வாய்ப்புண்டு'. 2013-இல் 95 சதவீதத்துக்கு மேல். 2021-இல் மனிதத் தாக்கத்தால் வெப்பமானது ஐயத்துக்கு இடமற்றது. நிச்சயம் கூடக்கூட ஒரு சொல் எப்படி நகர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. செய்தி படிப்பவருக்கோ ஐந்து முறையும் ஒரே செய்திதான் காதில் விழுந்தது.

முழு நிச்சயம் வரும்வரை காத்திருந்து முடிவெடுப்பது நியாயம்தானே?

காத்திருப்பதும் ஒரு முடிவு. அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

ஜப்பானின் மினமாட்டாவில் மீனவக் கிராமங்களில் பூனைகள் சுழன்று ஆடிச் செத்ததை மக்கள் முதலில் பார்த்தார்கள். மனிதரிடம் வந்த நோய் 1956 மே மாதத்தில் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. குமாமோட்டோ பல்கலைக்கழகக் குழு 1959-இல் கரிமப் பாதரசத்தைக் காரணமாகச் சுட்டியது. கடலில் கழிவை விட்ட சிஸ்ஸோ வேதி ஆலையின் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஹொசோகாவா, ஆலைக் கழிவைக் கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்து அதே நோய் வருவதை அந்த ஆண்டே கண்டார். அந்த முடிவை ஆலை வெளியே விடவில்லை. ஆலைக்கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது 1968 செப்டம்பரில். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் 'இன்னும் உறுதியாகவில்லை' என்ற சொல்லுக்குள் கழிந்தன.

ஆய்வகத்தில் இரண்டு வகைத் தவறு உண்டு. இல்லாததை இருக்கிறது என்பது ஒன்று, இருப்பதை இல்லை என்பது மற்றொன்று. அறிவியல் தன் வழக்கப்படி முதலாவதற்கு அதிகம் அஞ்சும். 'நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தற்செயலாக வர வாய்ப்பிருந்தால் ஏற்காதே' என்பது அந்த அச்சத்திலிருந்து வந்த பழக்கம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று அறிவிக்கும்போது அந்தக் கண்டிப்பு சரி. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் குடும்பத்துக்கு இரண்டாவது தவறுதான் உயிர்போகும் தவறு. 1992-இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுப் பிரகடனத்தின் 15-ஆவது கோட்பாடு இதைத்தான் தொடுகிறது: கடுமையான அல்லது மீட்க முடியாத கேடு வரும் ஆபத்து இருக்கும்போது, முழுமையான அறிவியல் உறுதி இல்லை என்பதைச் சாக்காக வைத்துத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது.

எதற்கெடுத்தாலும் முன்னெச்சரிக்கை என்றால் எதுவுமே செய்ய முடியாதே என்பதும் நியாயமான மறுப்புதான். தடைசெய்வதற்கும் ஒரு விலை உண்டு. எந்தத் தவறுக்கு நாம் அதிகம் அஞ்ச வேண்டும் என்பதைப் புள்ளியியல் சொல்லாது; அதை வெளிப்படையாகப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது கூடுதலாக என்ன சிக்கல் வருகிறது?

இதைப் பற்றி நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். சுருக்கமாகச் சில.

'பசுமைக்குடில் வாயு'. பசுமை என்றால் நமக்கு நல்லது, குடில் என்றால் அமைதி. உலகத்தைச் சூடேற்றும் வாயுவுக்கு இதைவிட இனிமையான பெயரை வைக்க முடியாது. இதைக் குறைக்க வேண்டும் என்று சொன்னபோது, "பசுமையை ஏன் குறைக்க வேண்டும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் இப்போது 'வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு' என்று ஒருமுறை விளக்கிவிட்டுத்தான் மேலே போகிறேன்.

'நேர்மறைப் பின்னூட்டம்'. பனி உருகினால் அடியிலுள்ள கருநிறக் கடல்நீர் வெளிப்பட்டு அதிக வெயிலை உறிஞ்சும், அதனால் இன்னும் பனி உருகும். இந்தச் சுழலுக்குத்தான் அந்தப் பெயர். கடை பற்றிய நல்ல விமர்சனம் போலக் காதில் விழுகிறது. 'தன்னைத்தானே வளர்க்கும் சுழல்' என்றால் போதுமே.

'பிழை'. அளவீட்டில் இவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பதைக் காட்டும் எண்ணுக்கு 'திட்டப் பிழை' என்று பாடநூல் சொல்கிறது. நமக்குப் பிழை என்றால் தப்பு, திட்டம் என்றால் அரசுத் திட்டம். இரண்டும் சேர்ந்தால் ஊழல் செய்தி போலிருக்கிறது. 'குறிப்பிடத்தக்க' என்பதும் இப்படித்தான். தற்செயல் என்று தள்ள முடியாத வேறுபாடு என்பதே அதன் புள்ளியியல் பொருள், அந்த வேறுபாடு பெரிதா சிறிதா என்பது வேறு கேள்வி.

நல்ல உதாரணமும் ஒன்று உண்டு: 'ஓசோன் ஓட்டை'. அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் வசந்த காலங்களில் கடுமையாக மெலிவதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985-இல் வெளியிட்டார்கள். உண்மையில் அங்கே ஓட்டை எதுவும் இல்லை, மெலிவுதான். ஆனால் ஓட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும்: கூரை ஓட்டை, பானை ஓட்டை. ஒழுகும், அடைக்க வேண்டும், அடைக்கவும் முடியும். 1987 செப்டம்பர் 16 அன்று, ஓசோனை மெலியவைக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானதற்குப் பல காரணங்கள் உண்டு. மாற்றுப் பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது முக்கியமான ஒன்று. இருந்தாலும் அந்தச் சொல் வேலையை எளிதாக்கியது. துல்லியம் குறைந்த சொல் சரியான திசையில் அனுப்பிய அரிய தருணம் அது.

'நூறாண்டு வெள்ளம்' இப்போதுதான் வந்து போனது. இனி நூறு ஆண்டுக்கு வராது அல்லவா?

வரலாம், அடுத்த ஆண்டே வரலாம். எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அதைப் பார்க்க ஏறக்குறைய 26 சதவீதம் வாய்ப்பு. அதுவும் பழைய மழைக் கணக்கை வைத்து.

சராசரியைச் சொன்னால் ஏன் மக்கள் கோபப்படுகிறார்கள்?

சராசரியில் யாரும் வாழ்வதில்லை. விமான நிலையச் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுச் சத்தத்தை எல்லாம் சேர்த்து, இரவுக்குக் கூடுதல் எடை கொடுத்து, ஒரே டெசிபல் எண்ணாக மாற்றுவார்கள். டெசிபல் மடக்கைக் கணக்கு. விமானங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானாலும் அந்தச் சராசரி 3 டெசிபல் மட்டுமே உயரும். அறிக்கை '3 டெசிபல் உயர்வு, காதுக்கு அரிதாகவே புலப்படும்' என்று எழுதும். விமானம் பறக்கும் பாதைக்குக் கீழே படுத்திருப்பவரோ இரவில் நான்கு முறை விழித்ததற்குப் பதிலாக எட்டு முறை விழிக்கிறார். இரண்டு பேருடைய கணக்கும் சரி. அறிக்கை அளந்தது ஒலியாற்றலை, அவர் எண்ணியது விழிப்புகளை.

உலக வெப்பநிலையிலும் இதே கதைதான். 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.09 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்கிறது ஐபிசிசி. அதில் நிலப்பரப்பு மட்டும் 1.59, கடல் 0.88. நாம் நிலத்தில் நிற்கிறோம்.

புகையிலையும் பதப்படுத்திய இறைச்சியும் ஒரே பட்டியலில் இருக்கின்றனவாமே? இரண்டும் ஒரே அளவு ஆபத்தா?

இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை போடும் அந்தப் பட்டியல், சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு பேருக்குப் புற்றுநோய் வரும் என்பதைச் சொல்வதில்லை. முதல் பிரிவில் புகையிலை இருக்கிறது, 2013-இல் வெளிக்காற்று மாசும் 2015-இல் பதப்படுத்திய இறைச்சியும் சேர்ந்தன. மூன்றும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை. பாதிப்பின் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

நாகத்திடம் விஷம் இருக்கிறது. அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதா, காலடியில் இருக்கிறதா என்பது வேறு. விஷம் இருப்பதற்கு ஒரு சொல் (hazard), அது நம்மைத் தீண்டும் வாய்ப்புக்கு ஒரு சொல் (risk) என்று ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். தமிழில் நாம் இரண்டையும் 'ஆபத்து' என்றே சொல்வதால் தலைப்புச் செய்திகள் கலங்கிப் போகின்றன.

புகைபிடித்துக்கொண்டே, வேகமாக வண்டி ஓட்டிக்கொண்டே, ஆலைக்கு மட்டும் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள்? இது முரண்பாடு இல்லையா?

சாவு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் முரண்தான். 1969-இல் சான்சி ஸ்டார் என்ற பொறியியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: தானாகத் தேர்ந்தெடுத்த ஆபத்தை, தன்மீது திணிக்கப்பட்டதைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வரை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பிறகு வந்த உளவியலாளர் பால் ஸ்லோவிக், 1987-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மக்கள் எண்ணிக்கையோடு சேர்த்து வேறு பலவற்றையும் எடைபோடுகிறார்கள் என்று காட்டினார். என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? பிள்ளைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் தொடருமா? லாபம் ஒருவருக்கு, பாதிப்பு இன்னொருவருக்கா? புதிதா, பழகியதா?

இதை உணர்ச்சிவசம் என்று ஒதுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது அறிவுள்ள கணக்காகத்தான் படுகிறது. தான் பிடிக்கும் சிகரெட்டை நாளைக்கே கீழே போடலாம். பக்கத்து ஆலையின் புகைபோக்கியை அப்படிக் கீழே போட முடியாது.

பதற்றத்தைத் தவிர்க்க "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்வதில் என்ன தவறு?

அன்று மாலை பதற்றம் குறையும். 1990 மே மாதம், 'மேட் கவ்' எனப்படும் மாட்டு மூளை நோய் குறித்த அச்சம் பரவியபோது, பிரிட்டனின் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்களின் முன்னால் தன் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்ட முயன்றார். 1996 மார்ச் 20 அன்று, அந்த நோய்க்கும் மனிதரிடம் வரும் புதுவகை மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அதே அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அந்தப் படம் இன்றும் சுற்றுகிறது. அதற்குப் பிறகு அரசு விஞ்ஞானிகள் எதைச் சொன்னாலும் அந்தப் பர்கர் நடுவில் வந்து நின்றது.

இத்தாலியின் லாகுய்லா இன்னும் துயரமானது. சிறு நிலநடுக்கங்கள் மாதக்கணக்கில் தொடர்ந்த அந்த ஊரில் 2009 மார்ச் 31 அன்று வல்லுநர் குழு கூடியது. அதையொட்டிக் குடிமைப் பாதுகாப்புத் துறைத் துணைத் தலைவர் தொலைக்காட்சியில் பேசும்போது, சிறு நடுக்கங்கள் ஆற்றலை வெளியேற்றிவிடுவதால் நிலைமை சாதகமே என்ற பொருள்பட, அறிவியல் அடிப்படை இல்லாத ஒரு ஆறுதலைச் சொன்னார். ஏப்ரல் 6 அதிகாலை வந்த பெரிய நடுக்கத்தில் 309 பேர் இறந்தார்கள். நடுக்கம் வந்தால் வீட்டை விட்டு வெளியே படுப்பது அந்த ஊரின் பழைய வழக்கம். அந்தப் பேச்சை நம்பி உள்ளேயே இருந்தோம் என்று உயிர்பிழைத்தவர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2012-இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014-இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அதிகாரியின் தண்டனை குறைக்கப்பட்டது.

நிலநடுக்கத்தைக் கணிக்கத் தவறியதற்காக விஞ்ஞானிகளைத் தண்டித்தார்கள் என்று உலகமெங்கும் எழுதினார்கள். வழக்கு நின்றது அந்த ஆறுதல் வார்த்தையின் மேல்.

விஞ்ஞானி கொள்கை பற்றிக் கருத்துச் சொல்லலாமா? எண்ணைச் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டாமா?

சொல்லலாம், எங்கே அறிவியல் முடிந்து தன் கருத்து தொடங்குகிறது என்று கோடு காட்டிவிட்டு. 1988 ஜூன் 23 அன்று நாசாவின் ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழுவின் முன், வெப்பமாதல் தற்செயல் அல்ல என்று 99 சதவீத நம்பிக்கையோடு சொன்னபோது, அவசரப்படுகிறார் என்று சக விஞ்ஞானிகளே முணுமுணுத்தார்கள். அடுத்த முப்பது ஆண்டு வெப்பநிலை அவர் பக்கம் நின்றது.

எங்கள் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கிறது. விஞ்ஞானியிடம் என்ன கேட்பது?

"ஆபத்து உண்டா இல்லையா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு "வரம்புக்குள்" என்ற பதில் தயாராக இருக்கும். எங்கே, எந்த மாதம், எந்த ஆழத்தில் மாதிரி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். மழைக்கால அளவீடா, கோடைக்கால அளவீடா? எத்தனை வீடு, யார் தேர்ந்தெடுத்தது, எந்த மாதிரியாவது கணக்கிலிருந்து நீக்கப்பட்டதா? சராசரியைச் சொன்னால், மிக மோசமான பத்து இடங்களின் எண்ணைக் கேளுங்கள். "வாய்ப்பு குறைவு" என்றால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். எந்தத் தகவல் வந்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்றும் கேளுங்கள். நேர்மையான விஞ்ஞானிக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், பதிலும் வைத்திருப்பார்.

விஞ்ஞானியிடம் கேட்கக் கூடாதவையும் உண்டு. கணிப்பு தவறினால் யார் இழப்பீடு கொடுப்பார்கள், கண்காணிப்பு முடிவுகள் யார் கையில் இருக்கும், இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்: இவற்றுக்கு அவரிடம் பதில் இருக்காது. மேடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேளுங்கள். அந்த நாற்காலி காலியாக இருந்தால், காலியாக இருந்தது என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்குப் போகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லையே?

கிணற்றுத் தண்ணீர் எந்த ஆண்டு முதல் கசந்தது, மீன் எப்போது செத்து மிதந்தது, காற்று எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து வீசும்போது நாறுகிறது: தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களா? அதை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.